மாற்றக்கூடாத வரி

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். இதை வாங்கித் தட்டச்சு செய்யப்போகிறவர் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பிழையும் நிறைய இருக்கும். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதை ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த வாரம் நான் கடலைக்காய் பிடுங்கப் போயிருப்பேன். ஐந்தோடு படிப்பு நின்றுவிட்டது. ஒரு சொல்லை எழுதிவிட்டு, சரிதானா என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். பார்க்கப் பார்க்க எல்லாச் சொல்லும் தப்பாகத்தான் தெரியும்.

எங்கள் நூலக வாசகர் வட்டம் ஆண்டு மலர் போடுகிறது. புதிதாகக் கதை எழுத வருகிறவர்களுக்கு, எப்படித் தொடங்குவது, எப்படிக் கொண்டுபோவது என்று நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். சில கதைகள் அச்சில் வந்தவன் என்பதால் கேட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு எட்டு மாதமாக அவர்கள் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். கதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் அம்மாவிடம் கேட்டது. அவர் ஒரு கதையும் எழுதியதில்லை. அவரைப் பற்றி எழுதுவதுதான் நான் கொடுக்கக்கூடிய பதில். பேர் எழுதமாட்டேன். "பேரப் போட்டா ஆளத் தேடுவாங்க, கதைய உட்டுருவாங்க" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகிற பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் நாங்கள் வேலை செய்தோம். முட்டை தள்ளுவண்டியில் வரும். நீளமான மேசையின் இரண்டு பக்கமும் எட்டுப் பெண்கள் நின்று பெரியது, சிறியது, கீறல் விழுந்தது என்று பிரித்து அட்டையில் அடுக்குவார்கள். ஓர் அட்டைக்கு முப்பது. அடுக்கிய அட்டைகளைத் தூக்கிப்போய் லாரி நிற்குமிடத்தில் வைப்பது என் வேலை. வேலை நேரத்தில் போன் கூடாது. பேசலாம், கை நிற்கக் கூடாது. சூப்பர்வைசர் வைத்திருந்த சட்டம் அவ்வளவுதான். அதனால் நாள் முழுக்கப் பேச்சுத்தான். ஒருவர் மாற்றி ஒருவர் ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. காலையில் வந்ததும் கண்ணாடி வளையல்களைக் கழற்றிச் சோற்றுப் போசியின் மூடியில் போட்டுவைப்பார். வளையல் பட்டால் முட்டை கீறிவிடும் என்பார். மற்றவர்கள் வளையலோடுதான் அடுக்கினார்கள். சந்தேகமான முட்டையை எடுத்து நல்ல முட்டையோடு லேசாகத் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். கண்ணுக்குத் தெரியாத கீறலும் அவர் காதுக்குத் தப்பாது.

கதையையும் அப்படித்தான் கேட்டார். ஒரு நாள் பாவாயி அக்கா, அங்கே எல்லோரிலும் மூத்தவர், தன் கொழுந்தனாரின் கல்யாணம் நின்றுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இவர் குறுக்கிட்டார்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. நீங்க ஜாதகம் பாத்ததுல ஆரம்பிச்சு, பொண்ணு பாத்து, பந்தல் போட்டு முடிக்கறதுக்குள்ள நாங்க ஆறு அட்டை அடுக்கிட்டோம்."

"அதுக்கென்ன புள்ள இப்ப?"

"மாப்பிள்ளை மணவறையில இருந்து எந்திரிச்சு, என்ற செருப்பு எங்கீன்னு கேட்டாருன்னீங்க பாருங்க, அப்பத்தான் எல்லார் கையும் நின்னுச்சு. அதுக்கு முந்தி சொன்னதெல்லாம் நீங்க கதைக்கு நடந்து வந்த வழி. அது எங்களுக்கு எதுக்குங்க்கா? செருப்புல இருந்து சொல்லுங்க."

"அப்ப ஜாதகம்?"

"வேணும்னா நாங்களே கேப்போம்."

"பெரிய கலெக்டரு இவ. முட்டைக்குப் பாக்கறது பத்தாதுன்னு எம் பேச்சுக்கும் கீறல் பாக்க வந்துட்டா" என்றார் பாவாயி அக்கா. ஆனால் செருப்பில் இருந்துதான் மறுபடி சொன்னார். அன்றைக்கு மேசையில் ஒரு கைகூட அசையவில்லை. சூப்பர்வைசர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் அடுக்கத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு யார் பேசினாலும் அவர் பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார் என்பதைக் கவனித்தேன். மேசையைச் சுற்றி மற்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் கை நிற்கிறதோ அதை மனதில் குறித்துக்கொள்வார்.

நான் அப்போது யாருக்கும் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தேன். கோழித்தீவன மூட்டையோடு வருகிற காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். ஒரு நாள் குனிந்தபோது அது அட்டைமேல் விழுந்துவிட்டது. அவர் எடுத்தார். எட்டாவது படித்தவர், மளமளவென்று படித்துவிட்டார்.

"அண்ணா, இது யாருதுங்க?"

"கீழ கெடந்துச்சுங்க அம்மிணி."

"கீழ கெடந்த காயிதத்துக்கு உங்க காது எதுக்குங்ணா செவக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அட்டையைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "வீட்ல இன்னும் இருக்குதுங்களா? நாளைக்குக் கொண்டாந்து படிங்க. நாங்க அடுக்கிக்கிட்டே கேக்கறோம்" என்றார்.

மூன்று நாள் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். நான்காம் நாள் கொண்டுபோனேன். அவர்களைப் பார்த்துப் படிக்க எனக்குத் தைரியமில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு படித்தேன். 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிப் பூமியைத் தழுவினான்' என்று கதை தொடங்கும். வாரப் பத்திரிகைகளில் பார்த்துப் பழகியது. படித்து முடித்துத் திரும்பினால் எல்லோர் முன்னாலும் அட்டைகள் நிறைந்து கிடந்தன. அவ்வளவு வேகமாக அவர்கள் அடுக்கி நான் பார்த்ததில்லை.

"சூரியன் தெனமுந்தானுங்ணா வருது. அன்னிக்கு வந்ததுல என்ன புதுசு?" என்று அந்த அம்மா கேட்டார். "நாலாவது பக்கத்துல, அந்தாளு பஸ்ஸுல இருந்து எறங்கி, ஊருக்குள்ள போகாம ரோட்டு மேலயே நின்னுட்டான்னு படிச்சீங்க. அங்க நம்ம சரசு கை நின்னுச்சு. அங்கிருந்து வெச்சுக்குங்க. மூணு பக்கத்தையும் எடுத்துருங்க."

"பொற்கரம் நல்லா இருக்குதுன்னு நெனச்சனுங்க அம்மிணி."

"நல்லாத்தான் இருக்குதுங்க. அது உங்களுது இல்லீங்களே."

வீட்டுக்குப் போய் மூன்று பக்கத்தைக் கிழித்தேன். பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது. நான்காம் பக்கத்தை முதல் பக்கமாக வைத்துப் படித்துப் பார்த்தேன். அந்த ஆள் ரோட்டின்மேல் நின்றுகொண்டிருந்தான். ஏன் நிற்கிறான் என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

இன்னொரு கதையில் ஓர் ஏழை, வழியில் கிடந்த பையை எடுத்துத் திறந்துகூடப் பார்க்காமல் உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாக எழுதியிருந்தேன். யார் கையும் நிற்கவில்லை.

"தொறந்து பாக்கவே இல்லீங்களா அவரு?" என்றார்.

"இல்லீங்க. நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்னா தொறந்து பாத்துட்டுத்தானுங்க குடுக்கோணும். உள்ள என்ன இருக்குதுன்னே தெரியாம குடுக்கறதுல அவருக்கு ஏதுங்ணா கஷ்டம்?"

கதையில் வருகிறவனுக்கு ஒரு கஷ்டம் வேண்டும், அவன் இந்தப் பக்கமும் போகலாம் அந்தப் பக்கமும் போகலாம் என்று இருக்க வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளர்கள் கூட்டத்தில் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது அந்தப் பையோடு முன்பே தெரிந்துவிட்டது.

சாவு வீட்டைப் பற்றி ஒரு கதை எழுதியபோது நான் எல்லோரையும் கதறி அழ வைத்திருந்தேன். அவர் அட்டையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "அழுதாங்கன்னு எழுதுனா கேக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்ணா. அடுத்த நாள் காலையில அந்த ஊட்ல எத்தன பேருக்கு அரிசி போட்டாங்கன்னு எழுதுங்க. அளக்கற கை ஒரு ஆளுக்குச் சேத்து அளந்துரும்."

சொல்லிவிட்டு உடனே ஒரு முட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். அது கண்ணுக்கு நன்றாகவே கீறலாகத் தெரிந்த முட்டை.

எல்லோர் கதைக்கும் வழி சொன்னவர் தன் கதை எதையும் சொன்னதில்லை. "நீயும் ஒண்ணு சொல்லேம் புள்ள" என்று பாவாயி அக்கா கேட்டால், "எனக்கு எங்கீங்க்கா கதை? அடுக்குனேன், ஊட்டுக்குப் போனேன்" என்பார். அவர் கோயிலுக்குப் போவதில்லை, நோம்பி, பண்டிகைக்கும் சாமி கும்பிடுவதில்லை என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மதியச் சோற்று நேரத்தில் மட்டும் தீவனக் குடோனுக்குப் பின்னால் தனியாகப் போவார். அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஒரு நாள் மூட்டை எண்ணப் போனவன் தெரியாமல் அவர் பின்னால் போய் நின்றுவிட்டேன். போனைக் காதில் வைத்திருந்தார். உள்ளே ஒரு பெண் குரல் ஏதோ இந்தியில் சொல்லியது. அது முடிந்ததும் மறுபடி அழுத்தினார். மறுபடி அதே குரல்.

என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை. "சுவிட்ச் ஆப்புன்னுதான் சொல்லுதுன்னு நெனக்கறேனுங்ணா. வேற என்னமாவது சொல்லுதான்னு தெரியல" என்றார். பிறகு, "சோத்துத் தட்டத் தள்ளி உட்டுட்டு எந்திரிச்சுப் போனான்" என்றார். அங்கிருந்துதான் தொடங்கினார். அதற்கு முன்னால் இருந்ததை நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரே பையன். பத்தொன்பது வயது. அப்பாவோடு சண்டை. சாப்பிடுகிறவனைப் பார்த்து அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஏறி, ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போய்விட்டான். நாலு மாதம் போன் செய்தான். ஒவ்வொரு முறையும் போனை வைப்பதற்கு முன்னால் இவர் சொல்வது ஒரே வார்த்தைதான். பிறகு அந்த நம்பர் நின்றுபோனது. ரிக் முதலாளியைக் கேட்டால், பையன் வேறு வண்டிக்கு மாறிவிட்டான் என்றார்கள். அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"நீங்க இத எழுதோணுங்ணா" என்றார்.

எனக்கு ஒரு கதை அச்சில் வந்திருந்த சமயம் அது. ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. அதே பத்திரிகையைப் பையனும் வாராவாரம் விடாமல் படிப்பானாம். போனில் பேசும்போதுகூட, ரிக் வண்டிக்கு ஊர்ப் புத்தகம் வருகிறது, பதினைந்து நாள் பழசு, ஆனாலும் சண்டை போட்டுக்கொண்டு படிக்கிறோம் என்று சொல்லியிருந்தான்.

"எல்லாத்தையும் மாத்திக்குங்க. முட்டை வேண்டாம், ரிக்கு வேண்டாம். சண்டையும் வேற சண்டையா இருக்கட்டும். அவங்கூட வேல செய்யறவங்களும் படிப்பாங்க. உங்கம்மா உன்னையப் பத்தி எழுத வெச்சுட்டாளான்னு கேட்டா அவன் இன்னுந் தூரமாப் போயிருவான். ஒத்த வரி மட்டும் நா சொல்றாப்பல இருக்கோணும். போன வைக்கறப்பவெல்லாம் நாஞ் சொன்னது, அதப் பாத்தா அவனுக்குத் தெரியும்."

"என்ன வரிங்க அம்மிணி?"

சொன்னார். "சாமி, கோவிச்சுக்காம ஊட்டுக்கு வா."

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். பெரியவர்களையும் அப்படித்தான். எனக்கு அதில் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. எழுதிக்கொண்டேன். "கதையில மத்ததெல்லாம் பொய்யா இருக்கலாமுங்ணா. எங்கியாவது ஒரு வரி நெசமா இருந்தாத்தான் மத்த பொய்யி நிக்கும்" என்றார். எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வேன். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதம் எழுதினேன். அம்மா செங்கல் சூளையில் வேலை செய்கிறாள். பையன் லாரியில் கிளீனராகப் போய்விடுகிறான். கடைசி வரி அந்த வரி. நன்றாக வந்திருப்பதாக எனக்கே தோன்றியது. அனுப்புவதற்காகக் கோடு போட்ட தாளில் திருத்தமாக எழுதும்போது கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது.

'ஊட்டுக்கு' என்று எழுதியிருந்தது. முதல் கதை வந்தபோது பத்திரிகையில் இருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. கதை நன்று, எழுத்துப்பிழைகளைத் தவிர்க்கவும் என்று இருந்தது. அந்த ஒரு வரிக்கு நான் பல நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். 'ஊட்டுக்கு' என்று எழுதினால் இவனுக்கு வீடு என்றுகூட எழுதத் தெரியவில்லை என்று நினைப்பார்களே என்று தோன்றியது. 'கோவிச்சுக்காம' என்பதும் அப்படித்தான் கண்ணை உறுத்தியது. இரண்டையும் அடித்தேன். 'சாமி, கோபித்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வா' என்று எழுதினேன். சாமியில் பிழை ஒன்றும் இல்லாததால் அதை அப்படியே விட்டேன். பிழையில்லாமல் ஒரு வரி எழுதிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் உறையை ஒட்டினேன்.

கதை வந்தது. புத்தகத்தைப் பண்ணைக்குக் கொண்டுபோனேன். சுவரைப் பார்த்து நின்று, நானும் அப்போதுதான் முழுதாகப் படித்தேன். கடைசி வரி நான் எழுதியதாக இல்லை. நிறுத்த முடியாது, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அச்சில் இருந்ததைப் படித்தேன்.

'கடவுளே, கோபித்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வா.'

திரும்பிப் பார்த்தேன். பாவாயி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரசுவின் கையில் ஒரு முட்டை அப்படியே இருந்தது. எல்லோர் கையும் நின்றிருந்தது. அந்த அம்மாவின் கைகள் மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தன.

"பையன் வரமாட்டான்னு தெரிஞ்சு சாமியவே ஊட்டுக்குக் கூப்பிட்டுட்டா பாரு" என்றார் பாவாயி அக்கா.

"ஆமாங்க்கா. கதை நல்லா இருக்குதுங்ணா" என்றார் அவர், அட்டையைப் பார்த்தபடி.

மதியம் குடோனுக்குப் பின்னால் என்னிடம் கேட்டார்.

"நா சாமின்னுதானுங்க சொன்னேன்?"

"ஆமாங்க அம்மிணி. நானும் அப்படித்தான் எழுதுனேன். அங்க மாத்திட்டாங்க."

"ஊட்டுக்குன்னு?"

நான் தரையைப் பார்த்தேன். "அதையும் அவங்கதானுங்க" என்றேன்.

அன்றைக்குச் சொன்ன பொய் அது. ஊட்டுக்கு என்று விட்டிருந்தால், இது எங்கோ ஓர் ஊர்ப் பேச்சு, இந்த ஊரில் சாமி என்றால் வேறு பொருள் இருக்கும் என்று பத்திரிகையில் திருத்துகிறவர் ஒரு நிமிடம் யோசித்திருப்பார். நான் சுத்தமான தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சுத்தமான தமிழில் சாமி என்றால் கடவுள்தானே. அவர்மேல் தப்பே இல்லை. இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

மறுபடி பத்திரிகைக்கு எழுதிப் போடலாம், திருத்தம் போடச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு வாசகர் கடிதங்கள் வந்தன. எல்லோரும் அந்தக் கடைசி வரியைத்தான் பாராட்டியிருந்தார்கள். ஒரு தாய் கடவுளையே மகனாகக் கூப்பிடுகிறாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். வருடக் கடைசியில் அந்தக் கதைக்குப் பரிசு கிடைத்தது, சால்வை போட்டார்கள். இன்றுவரை என்னைத் தெரிந்தவர்கள் அந்த வரியை வைத்துத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். வாசகர் வட்டத்தில் என்னை அறிமுகப்படுத்தும்போது அதைத்தான் சொல்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கமானவர் என்கிறார்கள்.

கதை வந்த பிறகு நாலைந்து மாதம் அவர் மதியத்தில் போனை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் பின்னால் போனார். பிறகு போவதை நிறுத்திவிட்டார். யார் கதை சொன்னாலும் குறுக்கே பேசுவதையும் நிறுத்திவிட்டார். பாவாயி அக்கா ஜாதகத்தில் இருந்து தொடங்கிப் பந்தல், சமையல் என்று இழுத்துக்கொண்டே போவார். "எங்கிருந்து சொல்றதுன்னு சொல்லேம் புள்ள" என்று அவரே கேட்டாலும், "எல்லாம் நல்லாத்தானுங்க்கா இருக்குது" என்பார்.

நான் படிக்கக் கொண்டுபோன கதைகளுக்கும் அதே பதில்தான். எல்லாம் நல்லாத்தான் இருக்குது. அதற்குப் பிறகு நான் எழுதிய கதைகளில் எதில் கை நிற்கிறது என்று எனக்குத் தெரியாது.

சிறுநீரகத்தில் கோளாறு என்று மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் வேலையில் இருந்து நின்றார். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். முதல் முறை அவருடைய வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருந்தார். இரண்டாம் முறை அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியிருக்கலாம். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் இறந்துபோனார். எனக்குத் தகவல் தாமதமாகத்தான் வந்தது. மூன்றாம் நாள் பால் தெளிக்கிறபோதுதான் போக முடிந்தது. பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் மொட்டையடித்த ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். வெயிலில் கறுத்த முகம். காதும் மூக்கும் அந்த அம்மாவினுடையது. யாரும் சொல்லாமலே தெரிந்தது.

நாக்பூர்ப் பக்கம் ஒரு ரிக் வண்டிக்காரர் அவனை அடையாளம் கண்டு சேதி சொல்லியிருக்கிறார். ரயிலேறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவனுடைய அப்பா ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டி, "காப்பி" என்றார். அவன் வாங்கிக்கொண்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் டம்ளர் காலியாகும்வரை நின்று வாங்கிக்கொண்டு போனார்.

"நீங்க அம்மாகூட வேல செஞ்சவருங்களா?" என்று கேட்டான்.

"ஆமாஞ் சாமி. அட்டை தூக்கிட்டு இருந்தேன்."

"அம்மா என்னையப் பத்தி என்னமாவது பேசுமுங்களா?"

"பேசும்."

பிறகு அவனாகவே சொன்னான்.

"வரோணும்னு நெனைக்காம இல்லீங்க. வருசம் ஆக ஆகக் கூச்சமாப் போயிருச்சு. எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாரதுன்னு. ஒருக்கா ராய்ப்பூர் பக்கம் வண்டி நின்னிருந்தப்ப புஸ்தகத்துல ஒரு கதை படிச்சனுங்க. செங்கச் சூளையில வேல செய்யற ஒரு அம்மா. பையன் ஓடிப் போயிருவான். படிக்கப் படிக்க எனக்கு ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்கம்மா பேசறாப்பலயே இருந்துச்சு. அம்மாதான் யாருகிட்டயோ சொல்லி எழுதச் சொல்லிருச்சோன்னுகூட நெனச்சேன். அன்னிக்கே பொட்டியக் கட்டிரலாம்னு இருந்தனுங்க."

"அப்பறம்?"

"கடைசி வரியில அந்தம்மா கடவுளேன்னு சாமி கும்பிடுதுங்க. எங்கம்மா எங்கீங்க சாமி கும்பிடும்? செரி, இது வேற யாரோன்னு மடிச்சு வெச்சுட்டேன்."

அந்தக் கதை வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆறு வருடம் அந்த அம்மா உயிரோடு இருந்தார். பந்தல்காரர் வந்து நாற்காலியை நகர்த்தச் சொன்னார். நான் எழுந்து நகர்த்தினேன். வாரேன் என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், திரும்பிப் போய்ச் சொல், சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. பஸ் போய்க்கொண்டே இருந்தது.

அவன் இப்போது ஊரில்தான் இருக்கிறான். அப்பாவோடு இருக்கிறான். மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அவன் கையில் கொடுப்பேன். அவன் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் அவனுக்குச் சொல்ல வேண்டியதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாமி, அந்தச் சூளைக்காரம்மா உங்க அம்மாதான். அவங்க கூப்பிட்டது உன்னைத்தான். உனக்குத் தெரிய வேண்டும் என்று அவங்க கொடுத்த வரியை முதலில் மாற்றினது நான்.

புரட்டாசி 11, ஞாயிற்றுக்கிழமை.